அப்பா குரலில் யாரோ

எச்சரிக்கையார் என்றொரு இனம் இருக்கிறது. புதிய இனம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் பேருந்தை விட்டு இறங்கித் திரும்பி வந்தவர்கள், பூட்டிய பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தவர்கள், ரயிலில் எதிர் இருக்கைக்காரர் நீட்டிய பத்திரிகையை மோந்து பார்த்துவிட்டு வாங்கியவர்கள், இவர்களுடைய நேரடி வாரிசுகள்தான். கைபேசி வந்ததும் இனம் பல்கிப் பெருகிவிட்டது, அவ்வளவுதான். இன்றைய நிலவரப்படி குடும்பத்துக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர்.

எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். உங்கள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, படத்தைக் காட்டலாம் என்று போனை நீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எல்லாம் குழந்தையைப் பார்ப்பார்கள், மூக்கு அம்மா மாதிரியா அப்பா மாதிரியா என்று சண்டை போடுவார்கள். எச்சரிக்கையார் குழந்தையைப் பார்க்க மாட்டார். திரையின் மேல் மூலையில் பொட்டளவு எரியும் பச்சைப் புள்ளியைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தபின் நோயாளியின் பக்கம் திரும்புவதுபோல் மெல்ல உங்கள் பக்கம் திரும்பி, "இந்த ஆப்புக்கு எதுக்கு மைக் பர்மிஷன் குடுத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார். நீங்கள் அப்படி எதுவும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. அதுதான் அவருக்கு வேண்டும். அடுத்த முக்கால் மணி நேரம் உங்கள் போன் உங்களுடையது இல்லை.

லேப்டாப் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். பொது இடத்தில் சார்ஜ் போட்டால் தம் ரத்தத்தையே உறிஞ்சிவிடுவார்கள் என்பதுபோல் பதறுவார். பொழுது விடிந்தால் குடும்பக் குழுவில் 'மிக அவசரம், அனைவரும் படிக்கவும்' என்று ஒன்று வந்து விழும். அது மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தி என்று யாராவது தைரியமாகச் சொன்னால், ஆபத்துக்கு ஏது வயசு என்று பதில் வரும்.

பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டே போனால் நம்ப மாட்டீர்கள். ஒருவரைப் பிடித்துக் காட்டிவிடுகிறேன்.

நம்முடையவருக்கு ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் ஸ்டோரில் வேலை. தரையிலிருந்து கூரை வரை டின்கள், சுவரோரம் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பீப்பாய்கள், நடுவில் ஒரு மேசை, மேசைமேல் சீட்டுகளைக் குத்தி வைக்கும் கம்பி. சீட்டு வந்தால் டின் போகும். அங்கே பாதுகாப்புக்கென்று மஞ்சள் தொப்பி போட்ட தனி அதிகாரி உண்டு. தினமும் டீ இடைவேளையில் கேன்டீன் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் டிரைவர்களுக்கும் லோடுமேன்களுக்கும் நம்மவர் பாஸ்வேர்டு பற்றி வகுப்பு எடுப்பார். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோவார்கள். அதற்குமேல் தொழிற்சாலையில் அவரிடம் யாரும் எந்த யோசனையும் கேட்டதில்லை. பத்தொன்பது வருடமாகக் கேட்கவில்லை.

வீடு அப்படியில்லை. வீட்டில் மஞ்சள் தொப்பி இவர்தான்.

வீட்டில் நான்கு பேர். துணி தைத்துக் கொடுக்கும் மனைவி, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் மகள், கூடவே இருக்கும் மாமனார், இவர். நால்வருக்குமாக நான்கு கருவிகள்: மூன்று போன், மகளின் லேப்டாப். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் விதிகள் அச்சடித்து, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆரம்பத்தில் ஒன்பது இருந்தன. இப்போது இருபத்து மூன்று. பதினான்காவதற்கும் பதினைந்தாவதற்கும் நடுவே '14-அ' என்று ஒன்று இருக்கிறது, அதை மகள் மீறியதால் வந்தது பதினைந்தாவது. அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டில் அவருக்கு 'எச்சரிக்கையார்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

பாஸ்வேர்டு பதினான்கு எழுத்துக்குக் குறையக் கூடாது. சொந்தப் பெயர், பிறந்த தேதி, செல்லப் பெயர் எதுவும் அதில் வரக் கூடாது, வந்தால் அதைவிட வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கலாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாற்ற வேண்டும். அன்று மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு, மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, கூடத்தில் வரிசையாக உட்கார வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் 'ஆமாம்' என்ற சொல்லை உச்சரிக்கவே கூடாது, அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்வார்களாம். இந்த விதி வந்ததிலிருந்து மாமனார் போனில் 'ம்' மட்டும்தான் சொல்கிறார். பழக்கம் முற்றிப்போய் நேரில் வருகிறவர்களிடமும் 'ம்' என்கிறார். அவருடைய சித்தப்பா மகன் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார்.

யாருடைய போனில் வந்தாலும் தெரியாத எண்களை எடுக்கும் பொறுப்பும் மாமனாருக்குத்தான். ஏன்? அவருடைய குரலைத் திருடி எவனும் எதையும் சாதிக்க முடியாது என்பது எச்சரிக்கையாரின் கணிப்பு. இதை மாமனாரின் முன்னாலேயே விளக்கிச் சொன்னார். மாமனார் 'ம்' என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. நான்கு கருவிகளுக்கும் இவர்தான் மேற்பார்வையாளர். யார் எந்தப் புதிய செயலியை இறக்கினாலும் இவருடைய போனில் 'டிங்' என்று மணி அடிக்கும், இவர் 'அனுமதி' என்பதை அழுத்தினால்தான் அது திறக்கும். இல்லையென்றால் மேற்பார்வையாளரின் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும், அது அவர் ஒருவருக்கே தெரியும். 'டிங்' அடித்ததும் அழுத்திவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? போனை எடுப்பார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், 'பரிசீலனையில் இருக்கிறது' என்பார். மகள் ஓர் அகராதியை இறக்கிக்கொள்ள இரண்டு நாள் பரிசீலனை நடந்தது. மேற்பார்வையாளரை யாருப்பா மேற்பார்வை பார்ப்பாங்க என்று அவள் ஒருநாள் கேட்டாள். நல்ல கேள்வி என்று மனதாரப் பாராட்டிவிட்டு, "அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றார்.

போன வருடம் ஒரு காணொளி பார்த்தார். ஒருவருடைய குரலைப் பத்து விநாடி கேட்டால் போதும், இயந்திரம் அதே குரலில் பேசும், இருமும், அழும். அன்றைய சாப்பாட்டு மேசையில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்கே என் குரலில் ஒருவன் பேசுவான், தவிப்பான், அவசரம் என்பான், நம்பவே கூடாது என்று நால்வரில் மூவரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். குடும்பத்துக்கு ஒரு ரகசியச் சொல். வாரம் ஒரு சொல் மாறும். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்கக் கூடாது என்பதால் கடப்பாரை, நீர்யானை, சீப்பு, பூசணி என்று யோசித்து யோசித்து ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மற்றவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். அவர் செய்யத் தேவையில்லை, அவரிடம்தான் நோட்டு இருக்கிறதே.

ஒத்திகையும் நடந்தது. ஒருநாள் கடைக்காரரின் போனிலிருந்து மனைவியை அழைத்து, வழியில் விழுந்துவிட்டேன், உடனே வா என்றார். மனைவி செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். தெருமுனையில் நின்றுகொண்டு எச்சரிக்கையார் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கதானே பேசினீங்க, வேற யாரும் பேசலையே என்று மனைவி கேட்டதற்கு, அது முக்கியமில்லை என்று சொல்லிவிட்டார்.

இப்படியிருக்க, மகளுக்கு ஒரு நேர்காணல் வந்தது.

செயற்கைக் கை, கால் செய்யக் கற்றுக்கொடுக்கும் இரண்டு வருடப் படிப்பு. மொத்தம் பன்னிரண்டு இடங்கள். யாருடைய தொந்தரவும் இல்லாமல் தானே தேடி, தானே விண்ணப்பம் எழுதி, அம்மாவின் தையல் துண்டுகளையும் அட்டையையும் வைத்து ஒரு விரல் மடங்கி நிமிரும்படி செய்து படம் எடுத்து அனுப்பியிருந்தாள். வேறு எந்தப் படிப்பையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் பேச வேண்டும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள், அதற்குள் வராவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பேசுவதற்கு அந்த நிறுவனத்தின் தனிச் செயலி வேண்டும்.

புதன்கிழமை மாலை 'டிங்' அடித்தது.

அன்றைக்காவது உடனே அழுத்தியிருக்கலாம். ஆனால் செயலியோடு முப்பத்து நான்கு பக்க நிபந்தனைகள் வந்திருந்தன, அதைப் படிக்காமல் ஒத்துக்கொள்வது விதி ஆறுக்கு விரோதம். பத்தொன்பதாம் பக்கம் வரை படித்தார். அதற்குமேல் தூக்கம் வந்துவிட்டது. காலையில் சட்டையை மாட்டும்போது மகள் குறுக்கே வந்து நின்றாள். மீதியைப் பேருந்தில் படித்துவிட்டுப் பத்து மணிக்கு அழுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். வாக்குத் தவற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஒன்பதே முக்காலுக்குத் தின்னர் பீப்பாய் ஒன்று கசிய ஆரம்பித்தது.

ஸ்டோருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, எல்லாருடைய போனும் வாசலில் உள்ள பெட்டியில் இருக்கும். எச்சரிக்கையார் கசிவைக் கண்டுபிடித்து, ஆட்களைக் கூப்பிட்டு, பீப்பாயைச் சாய்த்து, கட்டைவிரலாலேயே ஓட்டையை அடைத்துக்கொண்டு, மாற்றுப் பீப்பாய் வரும்வரை நின்றார். எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது பத்து நாற்பது. வாசலுக்கு ஓடினார், பெட்டியைத் திறந்தார், போனை எடுத்தார், கட்டைவிரலை வைத்தார்.

போன் அவரை ஏற்கவில்லை.

முக்கால் மணி நேரம் தின்னரில் ஊறிய விரல். ரேகை என்று ஒன்று இருந்த சுவடே இல்லை, வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. சட்டையில் தேய்த்துவிட்டு இரண்டாம் முறை வைத்தார். ஊதிவிட்டு மூன்றாம் முறை வைத்தார். எண் போட்டுத் திறந்தால் தோளுக்குப் பின்னாலிருந்து எவனாவது பார்த்துவிடுவான் என்று அந்த வழியை அடைப்பதற்கென்றே தேடிப் பிடித்து ஒரு பூட்டுச் செயலி போட்டிருந்தார். மூன்று முறை தவறினால் இருபத்து நான்கு மணி நேரம் திறக்காது, வரும் அழைப்பைக்கூட எடுக்க விடாது. அதைவிடக் குறைந்த நேரங்களும் அதில் இருந்தன. இருப்பதிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்தவர் இவர்தான். 'அன்னியர் முயற்சி தடுக்கப்பட்டது' என்று திரையில் எழுத்து வந்தது.

வீட்டுக்குப் போக இரண்டு பேருந்து, ஒன்றேகால் மணி நேரம். ஆகவே பேசித்தான் ஆக வேண்டும். வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம் போனை வாங்கி மனைவியின் எண்ணை அழுத்தினார். தெரியாத எண். விதிப்படி மாமனார் எடுத்தார்.

"ம்."

"மாமா, நான்தான்."

"நான்தான்னா?"

"உங்க மாப்பிள்ளை பேசுறேன் மாமா."

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னு எங்க மாப்பிள்ளை ஏற்கெனவே சொல்லியிருக்காரு," என்றார் மாமனார். "இந்த வாரத்து வார்த்தையைச் சொல்லுங்க. மூணு வாய்ப்பு."

எச்சரிக்கையார் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. ஐம்பத்திரண்டும் அவர் பெற்ற பிள்ளைகள்தான், ஆனால் இந்த வாரப் பிள்ளை எது? கடப்பாரை என்றார். தப்பு என்றார் மாமனார். நீர்யானை என்றார். தப்பு. லாரி டிரைவர் பக்கத்தில் நின்று, என்ன சார் வாங்கணும், கடையில எழுதிக் குடுங்களேன் என்றார். சீப்பு என்றார் எச்சரிக்கையார். தப்பு, நல்லது, வைக்கிறேன் என்று மாமனார் வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது அந்த எண் தடுக்கப்பட்டிருந்தது. விதி பதினொன்று. சந்தேக எண்ணை உடனே தடுக்கவும்.

அடுத்து லோடுமேனின் போன். இந்த முறை வார்த்தையை விட்டுவிட்டு அத்தாட்சிகளில் இறங்கினார். தம் பிறந்த தேதியைச் சொன்னார். அது வலைத்தளத்தில் கிடக்கிறது, வருடா வருடம் இருநூறு பேர் வாழ்த்துகிறார்கள் என்றார் மாமனார். இடது முழங்காலில் தழும்பு என்றார். அரைக்கால் சட்டையோடு மாப்பிள்ளையே போட்ட படம் இருக்கிறது என்று பதில் வந்தது. தமக்கும் மாமனாருக்கும் மட்டுமே தெரிந்த ஒன்று வேண்டுமே என்று தவித்து, பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் என்னைத் தனியே கூப்பிட்டு என்ன கேட்டீர்கள் தெரியுமா, குறட்டை விடுவீர்களா என்று கேட்டீர்கள் என்றார். மறுமுனை கொஞ்சம் தயங்கியது. பிறகு, இதை மாப்பிள்ளை யாரிடமாவது சொல்லியிருப்பார், அவருக்கு வாய் சும்மா இருக்காது என்று தீர்ப்பு வந்தது. இத்தனை நாளாக இந்த வீட்டில் 'ம்' சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு இன்றுதான் கேள்வி கேட்கும் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. அதை அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவாரா?

அந்த நேரத்தில் பின்னணியில் மகளின் குரல் கேட்டது. யார் தாத்தா என்று கேட்டாள்.

"யாருமில்லம்மா. அப்பா குரல்ல யாரோ."

"அப்பாவுக்குப் போன் பண்ணிப் பண்ணிப் பார்க்கிறேன் தாத்தா, எடுக்கவே மாட்டேங்கிறாரு," என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. தொடர்பும் அத்தோடு அறுந்தது.

எச்சரிக்கையார் காவலாளியின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மாமா, தயவுசெய்து, பாப்பா விஷயம், அவசரம் என்று ஆரம்பித்தார். அவசரம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வைத்துவிட வேண்டும் என்பது விதி பதினேழு. மாமனார் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். வைத்துவிட்டார்.

மணி பத்து ஐம்பத்தேழு. டீ இடைவேளை. கேன்டீனில் நான்காவது போனுக்காக அவர் ஓட, டிரைவரும் லோடுமேனும் காவலாளியும் பின்னால் ஓடினார்கள். அவர்களுக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை, ஆனால் ஒரு மனிதர் தம் சொந்த வீட்டுக்குள் போன் வழியாக நுழைய முடியாமல் தவிக்கிறார் என்பது மட்டும் புரிந்திருந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாட்டுப் பாடிப் பாருங்கள் என்றார் ஒருவர். கேன்டீன் அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு தம் போனை நீட்டினார். மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார்கள்.

இந்த முறை மனைவி எடுத்தார்.

"இங்க பாருங்க, இதோட நாலு நம்பர் ஆச்சு," என்றார். குரல் கத்தரிக்கோல் மாதிரி இருந்தது. "மூணை பிளாக் பண்ணியாச்சு. எங்க வீட்டுக்காரர் எங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு. எங்ககிட்ட உங்க ஜம்பம் சாயாது."

மன்றாட வேண்டிய இடம். அழ வேண்டிய இடம். மகளின் நேர்காணலுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. எச்சரிக்கையாருக்கும் அது தெரியும். ஆனால் மூணை பிளாக் பண்ணியாச்சு என்று கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ பூரித்து, அவர் தடுப்பதற்குள் வாய் தானாகப் பேசிவிட்டது.

"பிளாக் பண்ணது சரி. நேரத்தோட நோட்டுல எழுதினீங்களா? ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்களா? எடுக்காம பிளாக் பண்ணா அப்புறம் எதை வெச்சு நிரூபிக்கிறது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், முதல்ல ஸ்கிரீன்ஷாட், அப்புறம்தான் பிளாக்."

மறுமுனையில் மனைவி போனை விலக்கிப் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அப்பா, இது அவர்தான். எந்தத் திருடனும் இப்படி உயிரை வாங்க மாட்டான்."

அதற்குப்பின் எல்லாம் மடமடவென்று நடந்தது. தின்னர், கட்டைவிரல், இருபத்து நான்கு மணி நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சரி, போனில் அழுத்த முடியாது, அப்படியானால் மேற்பார்வைக் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், தட்டிவிடுகிறோம் என்றார் மனைவி. மணி பதினொன்று மூன்று.

எச்சரிக்கையார் நிமிர்ந்து பார்த்தார். பதினைந்து பேர். அத்தனை பேருக்கும் இதே மேசையில் வகுப்பு எடுத்திருக்கிறார். அன்னியர் போன், அன்னியர் முன்னிலை, வாய்விட்டுச் சொல்லும் கடவுச்சொல். இருபத்து மூன்று விதிகளில் ஒன்பதை ஒரே நேரத்தில் உடைத்தாக வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பினார். வாயைக் கையால் மூடிக்கொண்டு முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றார் மனைவி. இன்னொரு முறை முணுமுணுத்தார். கொதிக்கிற டீயின் இரைச்சலில் அதுவும் போனது. மணி பதினொன்று ஆறு. பின்னணியில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அவர் திரும்பி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சொன்னார்.

"பாப்பா ஒண்ணு ரெண்டு மூணு."

கேன்டீனில் யாரோ ஒருவருக்குப் புரை ஏறியது. அப்புறம் கூரை பறந்தது. லோடுமேன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். காவலாளிக்கு மூச்சு முட்டியது. சார், என் பேத்தி இதைவிடக் கஷ்டமானதா வெச்சிருக்கா சார் என்றார் கேன்டீன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. எச்சரிக்கையாருக்குக் காது எரிந்தது. ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது, நாற்காலி இழுபட்டது, அறைக் கதவு சாத்தப்பட்டது. பதினொன்று எட்டுக்கு மனைவி, உள்ளே போயாச்சு, பேசிக்கிட்டிருக்கா என்றார். எச்சரிக்கையார் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரோ ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்தார்கள், அவர் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

எதனால் இவ்வளவு தாமதம் என்று உள்ளே மகளிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கப்பாவை எங்கப்பாதான்னு உறுதி செய்ய நேரமாயிடுச்சு என்று அவள் சொல்ல, எதிரே இருந்த மூவரில் ஒருவர் தம் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்து, மற்ற இருவரும் அவரை நிறுத்தப் பாடுபட்டதாகக் கேள்வி. பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. பன்னிரண்டில் அவள் பதினொன்றாவது.

அது பின்னால் நடந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது எச்சரிக்கையாருக்குப் பட்டியல் எல்லாம் தெரியாது. கேலி செய்யப் போகிறார்கள் என்று தயாராக வந்தார். யாரும் கேலி செய்யவில்லை. மாமனார் ஒரு தாளை நீட்டினார். முதல் திருடன் 10.43, இரண்டாம் திருடன் 10.48, மூன்றாம் திருடன் 10.54 என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். மகள் தன் அறை வாசலில் நின்றிருந்தாள். மூன்று வருடமாக அந்தக் கடவுச்சொல்லை உடைக்க அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். பெயிண்ட் நிறங்களின் எண்கள், அவருடைய ஊழியர் எண்ணைத் திருப்பிப் போட்டது, முதல் விதியின் முதல் எழுத்துகள் என்று இருநூறுக்கு மேல் முயற்சி. இதை மட்டும் முயலவில்லை. இவ்வளவு விதி எழுதுகிறவர் இதை வைத்திருப்பார் என்று யாருக்குத்தான் தோன்றும்?

"என் பேரை வெச்சுத்தான் என்னைப் பூட்டி வெச்சிருந்தீங்களாப்பா?" என்றாள்.

அவர் பதினான்கு எழுத்துகளில் ஏதாவது விளக்கம் சொல்லப் பார்த்தார். வரவில்லை.

"மத்ததெல்லாம் மறந்துபோயிடுது," என்றார். "அது ஒண்ணுதான் மறக்காது."

அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே காட்டினாள். தையல் மிஷின் மட்டும் தேவையில்லாமல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த வீட்டில் விதிகள் இருபத்து நான்கு. கடைசி விதியை மகள் எழுதினாள்: மேற்பார்வையாளரின் போனுக்கு மேற்பார்வையாளர் அவள். அவர் எதையாவது இறக்கினால் அவளிடம் 'டிங்' அடிக்கிறது. அவள் உடனே அழுத்திவிடுவதில்லை, அதுவும் பரிசீலிக்கப்படுகிறது.

சிரித்துவிட்டீர்கள். சந்தோஷம். போவதற்கு முன் உங்களிடம் ஒரு சின்ன விசாரணை. அந்த நான்காவது அழைப்பில், ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா என்று அவர் கேட்டதை வைத்து அவர்தான் என்று மனைவி நம்பினாரே, அந்த இடத்தில் உங்கள் மனம் என்ன சொன்னது? அப்பாடா என்றதா? அப்படியென்றால் நீங்கள் தப்பித்தீர்கள். இல்லை, இந்த அம்மா அவசரப்பட்டுவிட்டாரே, திட்டுவதைக்கூட இப்போதெல்லாம் இயந்திரம் கற்றுக்கொள்கிறதே, இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருக்கலாமே என்று அடிமனதில் லேசாக ஒரு நமைச்சல் எடுத்ததா? உண்மையைச் சொல்லுங்கள், எடுத்தது அல்லவா?

அப்படியானால் உங்களுக்கும் வீட்டில் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் அது தெரியாது. அந்த ஒரு ரகசியத்தை உங்கள் வீட்டார் எந்த விதியும் இல்லாமல் அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி வருகிறார்கள்.